5432-ஐ விடாமல் பிடித்திருக்கும் போஸ்ட்கிரஸ்: எதை நிறுத்துவது, எப்படி நிறுத்துவது?

கேள்வி, மார்ச் 3, மாலை 6.50

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறினேன். போஸ்ட்கிரஸ் 16 டேட்டாபேஸ் சர்வர் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் போர்ட்டை 5432 என்று மாற்றி ஸ்டார்ட் செய்தால், அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பார்த்தால் போஸ்ட்கிரஸ் என்ற பெயரில் வரிசையாக ப்ராசஸ்கள். கடைசியில் இருந்ததைக் கில் -9 (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) அடித்தேன். ஒரு நொடியில் மொத்தக் கூட்டமும் புது நம்பர்களோடு திரும்ப வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அடியில் கொல்ல ஒரு கட்டளை வேண்டும்.

மார்ச் 3, இரவு 9.40

ஒரே அடியில் கொல்லும் கட்டளை இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன். அந்த ப்ராசஸ்களுக்குள் உங்கள் டேட்டா இருக்கிறது. முதலில் அது யாருடைய சர்வர், எந்த டைரக்டரியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள்.

போர்ட்டிலிருந்து தொடங்குவதுதான் எளிது. எஸ்எஸ் கட்டளையை எல், டி, என், பி என்ற நான்கு சுவிட்சுகளோடு போடுங்கள். காத்திருக்கும் டிசிபி போர்ட்டுகளை நம்பரோடும் ப்ராசஸ் பெயரோடும் காட்டும். சூடோ (அட்மின் உரிமையோடு ஓட்டுவது) போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பிற யூசரின் ப்ராசஸ் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக வரும். அதைப் பார்த்து "யாருமே இல்லையே" என்று நினைத்துக் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்எஸ்ஓஎஃப் பழகியவர்கள் அதில் -ஐ சுவிட்சோடு :5432 என்று கொடுத்தாலும் இதே விஷயம் கிடைக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எஸ் கிடையாது, எல்எஸ்ஓஎஃப்தான்.

பிஐடி, அதாவது ப்ராசஸின் நம்பர், கிடைத்துவிட்டதா? இப்போது பிஎஸ் கட்டளையை -இஎஃப் சுவிட்சுகளோடும் ஃபாரஸ்ட் என்ற நீள ஆப்ஷனோடும் போடுங்கள். யாருக்கு யார் தாய் என்று மரம் போல விரியும். ஒரே ஒரு தாய் ப்ராசஸ், அதன் வரியில் -டி (பெரிய D) என்ற சுவிட்சுக்குப் பக்கத்தில் டேட்டா டைரக்டரியின் பாதை. அதற்குக் கீழே செக்பாயின்டர், பேக்ரவுண்ட் ரைட்டர், வால்ரைட்டர், ஆட்டோவேக்கம் லாஞ்சர் என்று பிள்ளைகள். யாராவது இணைந்திருந்தால் அவர்களுக்கும் ஆளுக்கொரு ப்ராசஸ்.

அந்தத் தாய் வரியில் இருக்கும் பாதையை இங்கே போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மார்ச் 3, இரவு 10.05

பிஎஸ்ஸைக் கிரெப்போடு பைப் செய்பவர்களுக்கு: கிரெப் கட்டளையின் வரியிலும் போஸ்ட்கிரஸ் என்ற சொல் இருப்பதால் அதுவும் பட்டியலில் வரும். ஸ்கிரிப்டில் எழுதினால் இதுவே தொல்லை. சர்வர் நின்ற பிறகும் "இன்னும் ஒன்று ஓடுகிறது" என்று ஸ்கிரிப்ட் சொல்லிக்கொண்டே இருக்கும். பிகிரெப் தன்னைக் காட்டாது. அதில் -ஏ போட்டால் முழு வரியும் தெரியும்.

மார்ச் 4, காலை 7.30

அந்தக் கூட்டம் ஏன் திரும்ப வந்தது என்று இரவு சொல்லாமல் விட்டேன். இந்த இழையில் முக்கியமான விஷயமே அதுதான்.

நீங்கள் அடித்தது ஒரு பிள்ளையை. போஸ்ட்கிரஸில் தாயும் பிள்ளைகளும் ஒரே ஷேர்டு மெமரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு பிள்ளை சிக்னல் 9 வாங்கிச் செத்தால், அது சாகும்போது ஷேர்டு மெமரியில் எதைப் பாதியில் விட்டது என்று தாய்க்குத் தெரிய வழியில்லை. பாதி எழுதிய பக்கம் இருக்கலாம், எடுத்த லாக் அப்படியே இருக்கலாம். அதனால் தாய் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் தானே நிறுத்தி, ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்து, வாலைப் படித்து மீட்டெடுத்து, எல்லோரையும் மறுபடி பெற்றெடுக்கிறது. (வால் என்பது ரைட்-அஹெட் லாக், ஒவ்வொரு மாற்றமும் டேட்டா ஃபைலுக்குப் போகும் முன் அதில்தான் எழுதப்படும்.) அப்படித் திரும்ப எழுவது ரீஸ்டார்ட்_ஆஃப்டர்_கிராஷ் என்ற செட்டிங்கின் வேலை, இயல்பிலேயே ஆன்.

நீங்கள் பார்த்த புது நம்பர்கள் அவைதான். பட்டியலை மறுபடி பாருங்கள், தாயின் நம்பர் மாறியிருக்காது.

மார்ச் 4, காலை 7.45

தாயின் நம்பரும் மாறியிருந்தால் கதை வேறு. அப்போது வெளியே யாரோ அதை எழுப்புகிறார்கள். லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் யூனிட்டில் ரீஸ்டார்ட் வரி இருக்கலாம். மேக்கில் லாஞ்ச்டி, கீப்அலைவ் இருந்தால் விடவே விடாது. ப்ரூ சர்வீசஸ் ஸ்டாப் என்று முறையாகச் சொன்னால்தான் ஓயும். டாக்கரில் ரீஸ்டார்ட் பாலிசி ஆல்வேஸ் என்று இருக்கலாம். பழைய மைஎஸ்க்யூஎல் நிறுவல்களில் மைஎஸ்க்யூஎல்டி_சேஃப் என்ற காவல் ஸ்கிரிப்ட், சர்வர் திடீரென்று செத்தால் மறுபடி ஏற்றிவிடும். எழுப்புகிறவரிடம் போய் நிறுத்தச் சொல்ல வேண்டுமே தவிர, எழுகிறதை அடித்துப் பயனில்லை.

மார்ச் 4, மதியம் 1.20

"அப்படியென்றால் தாயையே கில் -9 அடித்தால் போயிற்று" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டவே வேண்டாம். சிக்னல் 9-ஐ எந்த ப்ராசஸாலும் பிடிக்க முடியாது. பிள்ளைகளுக்குச் சொல்ல, ஷேர்டு மெமரியைத் திருப்பிக் கொடுக்க, தாய்க்கு ஒரு கணம்கூடக் கிடைக்காது. சும்மா இருக்கும் பிள்ளைகள் தாய் போனதைக் கவனித்துத் தாமாக வெளியேறும். நடுவில் பெரிய க்வெரி ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை அதை முடிக்கும்வரை அங்கேயே இருக்கலாம். அந்த நேரத்தில் புது சர்வரை ஏற்றினால், பழைய ஷேர்டு மெமரி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். அப்படி மறுப்பது உங்கள் டேட்டாவைக் காப்பாற்றத்தான்.

தாயிடம் பேச மூன்று சிக்னல்கள் இருக்கின்றன. வெறும் கில் என்று அடித்தால் போவது 15, அதாவது சிக்டெர்ம். போஸ்ட்கிரஸ் இதை "ஸ்மார்ட்" நிறுத்தம் என்கிறது: புதிய இணைப்புகளை ஏற்காது, இருப்பவர்கள் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். ஒரு கனெக்‌ஷன் பூல் (இணைப்புகளைத் திறந்து வைத்துப் பலருக்கும் பகிரும் ஏற்பாடு) இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருக்கும். கில் -2, அதாவது சிக்இண்ட், "ஃபாஸ்ட்" நிறுத்தம்: ஓடும் டிரான்சாக்‌ஷன்களை ரத்து செய்து, எல்லோரையும் வெளியேற்றி, செக்பாயின்ட் (மெமரியில் மாறியதையெல்லாம் டிஸ்க்கில் எழுதும் வேலை) எழுதிவிட்டு ஒழுங்காக மூடும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். கில் -3, சிக்குவிட், "இமீடியட்": செக்பாயின்ட் எழுதாமல் அப்படியே போய்விடும், அடுத்த முறை எழும்போது வாலைப் படித்து மீளும். கமிட் ஆன டேட்டா போகாது, ஆனால் எழுந்திருக்க நேரம் எடுக்கும்.

ஸ்மார்ட் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்து அலுத்துப்போனால், அதே தாய்க்குக் கில் -2 அனுப்பலாம். முறை மாறிவிடும்.

இதே சிக்னல்கள் பிள்ளைக்குப் போனால் அர்த்தம் வேறு. ஒரு இணைப்பின் ப்ராசஸுக்கு 2 போனால் ஓடும் க்வெரி மட்டும் ரத்தாகும், இணைப்பு இருக்கும். 15 போனால் அந்த இணைப்பே மூடப்படும். எஸ்க்யூஎல் உள்ளிருந்தே இதைச் செய்ய பிஜி_கேன்சல்_பேக்எண்ட், பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. எந்த நம்பர் யாருடையது, என்ன க்வெரி ஓடுகிறது என்பது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவில் தெரியும். பிஎஸ் வரியிலும் யூசர், டேட்டாபேஸ், என்ன நிலை என்று எழுதியிருக்கும். "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" (வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா இருப்பது) என்று ஒரு வரி நெடுநேரமாக நின்றால், முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.

மார்ச் 4, இரவு 11.10

மதியம் எழுதியது பாடம் போல இருந்தது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதக் கடைசியில் ரிப்போர்ட் ஒன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பில்லிங் ஸ்கிரீன் மெதுவாகிவிட்டது என்று கவுன்டரிலிருந்து சத்தம். சர்வர் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர் டாப் கட்டளையில் சிபியூவை அதிகம் தின்னும் போஸ்ட்கிரஸ் ப்ராசஸைப் பார்த்தார். கில் -9 அடித்தார். ஒரே ஒரு ப்ராசஸைத்தானே அடித்தோம் என்பது அவர் எண்ணம். அடுத்த கணம் கடையில் இருந்த எல்லா ஸ்கிரீனிலும் இணைப்பு அறுந்தது. லாகில் ஒவ்வொரு இணைப்புக்கும், வேறொரு சர்வர் ப்ராசஸ் கிராஷ் ஆனதால் இந்த இணைப்பு மூடப்படுகிறது என்று வரி. அப்புறம் ரெகவரி. செக்பாயின்ட் இடைவெளியை மிகவும் நீட்டி வைத்திருந்தார்கள், அதனால் படிக்க வேண்டிய வாலும் நிறைய. அதுவரை டேட்டாபேஸ் எழுந்துகொண்டிருக்கிறது என்ற பதில் மட்டுமே வந்தது. பில் போட நின்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அங்கே வேண்டியிருந்தது ஒரே ஒரு பிஜி_கேன்சல்_பேக்எண்ட். ரிப்போர்ட் மட்டும் நின்றிருக்கும், மற்ற யாருக்கும் தெரிந்தேயிருக்காது. அவர் கெட்டிக்காரர்தான். வெப் சர்வரில் இதே பழக்கம் அவருக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. டேட்டாபேஸ் அப்படி இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

மார்ச் 5, காலை 6.55

முறையாக நிறுத்துவது பற்றி. போஸ்ட்கிரஸுக்குச் சொந்தக் கருவி பிஜி_சிடிஎல். டேட்டா டைரக்டரியை -டி மூலம் கொடுத்து ஸ்டாப் என்றால் போதும். 9.5 பதிப்பிலிருந்து இயல்பாகவே ஃபாஸ்ட் முறையில் நிறுத்தும். அதற்கு முன்பு ஸ்மார்ட்தான் இயல்பு. பழைய குறிப்புகளில் -எம் ஃபாஸ்ட் என்று கூடவே எழுதியிருப்பார்கள், அது இருந்தால் தப்பில்லை. 60 நொடி காத்திருந்து, நிற்கவில்லை என்றால் நிற்கவில்லை என்று சொல்லும். அப்படிச் சொன்ன பிறகும் பின்னால் நிறுத்தம் நடந்துகொண்டுதான் இருக்கும், பதறி 9 அடிக்க வேண்டாம்.

டெபியன், உபுண்டுவில் பிஜி_சிடிஎல் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) இருக்காது. அங்கே பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று அடியுங்கள். எந்தப் பதிப்பு, என்ன பெயர், எந்தப் போர்ட், ஓடுகிறதா, டேட்டா எங்கே என்று ஒரே அட்டவணையில் கொடுத்துவிடும். கேள்வி கேட்டவர் இதை இன்றைக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சிஸ்டம்டி எழுப்பிய சர்வரை சிஸ்டம்சிடிஎல் வழியாகவே நிறுத்துங்கள். உபுண்டுவில் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்ற சர்வீஸ் வெறும் குடை. ஸ்டேட்டஸ் பார்த்தால் "ஆக்டிவ், எக்சிட்டட்" என்று காட்டும். அதைப் பார்த்து சர்வர் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையான சர்வீஸ் பெயரில் @ குறிக்குப் பிறகு பதிப்பும் கிளஸ்டர் (ஒரு டேட்டா டைரக்டரியும் அதன் சர்வரும்) பெயரும் இருக்கும். குடையை நிறுத்தினால் அதன் கீழ் உள்ள எல்லாக் கிளஸ்டர்களும் நிற்கும். ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டுமென்றால் முழுப் பெயரைக் கொடுங்கள்.

மார்ச் 5, காலை 9.15

போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஃபைலை அழித்துவிடச் சொல்லி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஓடும் சர்வரின் ஃபைலை அழிக்கச் சொல்வது ஆபத்தான அறிவுரை.

டேட்டா டைரக்டரிக்குள் இருக்கும் சின்ன ஃபைல் அது. முதல் வரியில் தாயின் பிஐடி, இரண்டாவதில் டேட்டா டைரக்டரி, அப்புறம் தொடங்கிய நேரம், நான்காவதில் போர்ட், ஐந்தாவதில் சாக்கெட் இருக்கும் டைரக்டரி. நாம் தேடும் எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஹெட் கட்டளையால் முதல் வரியை எடுத்தால் எந்தத் தேடலும் இல்லாமல் தாயின் நம்பர் கையில்.

ஒரே டேட்டா டைரக்டரியில் இரண்டு சர்வர்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்கான பூட்டும் அதுதான். ஷேர்டு மெமரி வழியாகவும் ஒரு சோதனை உண்டு, ஆனால் ஒரு பூட்டை உடைத்துவிட்டு இன்னொன்றை நம்பி நிற்பது எதற்கு? இரண்டு சர்வர் ஒரே ஃபைல்களில் எழுதினால் மீட்க முடியாத சேதம்.

மின்சாரம் போய் ஃபைல் மட்டும் மிச்சமிருந்தால் போஸ்ட்கிரஸே அந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தானே ஒதுக்கிவிடும். அந்த நம்பரை அதே யூசரின் வேறொரு ப்ராசஸ் எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் தடுமாறும். அப்போது பிஎஸ்ஸில் -பி சுவிட்சோடு அந்த நம்பரைக் கொடுத்து அது யார் என்று பாருங்கள். போஸ்ட்கிரஸ் இல்லை என்பது உறுதியான பிறகு அழியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

மார்ச் 5, இரவு 8.30

முதல் குறிப்புக்கு ஒரு சேர்ப்பு. எஸ்எஸ் காட்டும் பெயர் டாக்கர்-ப்ராக்ஸி என்று இருந்தால், போர்ட்டைப் பிடித்திருப்பது கன்டெய்னருக்கு வழிவிடும் ப்ராசஸ்; சர்வர் கன்டெய்னருக்குள் இருக்கிறது. ப்ராக்ஸியை அடித்துப் பயனில்லை. டாக்கர் பிஎஸ் போட்டு எந்தக் கன்டெய்னர் 5432-ஐத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளே தாயின் நம்பர் 1 என்று இருக்கும், வெளியே அதே ப்ராசஸ் வேறு நம்பரில் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டாக்கர் ஸ்டாப் ஒரு சிக்னல் அனுப்பி, இயல்பாக 10 நொடி காத்திருந்து, அப்புறம் 9 அடிக்கும். அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரஸ் இமேஜில் அந்த முதல் சிக்னலை சிக்இண்ட் என்று வைத்திருக்கிறார்கள், காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். பெரிய டேட்டாபேஸுக்கு 10 நொடி போதாது. -டி (சிறிய t) சுவிட்சால் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

சிஸ்டம்டியிலும் இதே கவலை உண்டு. பொதுவாக 90 நொடி தாண்டினால் அதுவும் 9 அடித்துவிடும். போஸ்ட்கிரஸ் ஆவணத்தில் இருக்கும் மாதிரி யூனிட்டில் டைம்அவுட்டை இன்ஃபினிட்டி என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 6, காலை 7.10

ஃபாஸ்ட் என்று சொல்லியும் நிற்க நேரமாகிறது என்றால் பெரும்பாலும் செக்பாயின்ட்தான் காரணம். மெமரியில் அழுக்குப் பக்கங்கள் (மாறியும் டிஸ்க்கில் எழுதப்படாதவை) நிறைய இருந்தால் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுத வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் எஸ்க்யூஎல் உள்ளிருந்து செக்பாயின்ட் என்று ஒரு முறை ஓட்டுங்கள். எழுதும் வேலை சர்வர் உயிரோடு இருக்கும்போதே முடிந்துவிடும், நிறுத்தம் சட்டென்று நடக்கும். நான் மெயின்டனன்ஸ் நேரங்களில் தவறாமல் செய்வது இது. ரெப்ளிகா (பிரதி சர்வர்) இருந்தால், மிச்ச வாலை அதற்கு அனுப்பி முடிக்கவும் தாய் காத்திருக்கும்.

பிஎஸ்ஸில் நிலை டி (D) என்று காட்டும் ப்ராசஸ் கர்னலுக்குள் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. 9-கூட அதற்கு உடனே போய்ச் சேராது. அப்போது பார்க்க வேண்டியது டிஸ்க்கையும் என்எஃப்எஸ் மவுண்டையும்.

மார்ச் 6, காலை 7.25

யாருமே கில் அடிக்காமல் லாகில் சிக்னல் 9 என்று வந்தால் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பாருங்கள். மெமரி தீர்ந்து லினக்ஸ் கர்னலின் ஓஓஎம் கில்லர் அடித்திருக்கும். ஓவர்கமிட் மெமரியை 2 என்று வைப்பது, தாயின் ஓஓஎம் ஸ்கோரை -1000 ஆக்குவது, இரண்டும் உதவும். க்வெரி வேலைகளுக்கு ஒதுக்கும் மெமரியான வொர்க்_மெம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

மார்ச் 6, மதியம் 2.00

மற்ற டேட்டாபேஸ்கள் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. மைஎஸ்க்யூஎல் ஒரே ப்ராசஸ், இணைப்புகள் எல்லாம் அதற்குள் திரெட்கள். அதனால் ஒரு க்வெரியை நிறுத்த பிஎஸ் உதவாது. ஷோ ப்ராசஸ்லிஸ்ட் பார்த்து கில் க்வெரி என்று உள்ளேயே சொல்ல வேண்டும். சர்வரை நிறுத்த மைஎஸ்க்யூஎல்அட்மின் ஷட்டவுன், போர்ட் 3306. 15 அனுப்பினாலும் ஒழுங்காக நிற்கும். மாங்கோடிபிக்கு அட்மின் டேட்டாபேஸில் நின்று ஷட்டவுன்சர்வர், போர்ட் 27017. ரெடிஸ், 6379: ஷட்டவுனோடு சேவ் என்று சேர்த்தால் டிஸ்க்கில் எழுதிவிட்டு நிற்கும், நோசேவ் என்றால் எழுதாது. எந்த வார்த்தை அடிக்கிறீர்கள் என்று எண்டர் தட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் யூனிக்ஸ் சிக்னல்கள் கிடையாது. நெட்ஸ்டாட்டை -ஏஎன்ஓ சுவிட்சுகளோடு போட்டு பிஐடி கண்டுபிடியுங்கள். டாஸ்க்-கில் (taskkill) கட்டளை /எஃப் சுவிட்சோடு கிட்டத்தட்ட 9 மாதிரி. சர்வீஸாக ஓடினால் நெட் ஸ்டாப், இல்லையென்றால் பிஜி_சிடிஎல்.

மார்ச் 6, இரவு 9.50

கேள்வி கேட்டவர் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் அட்டவணையைப் போட்டிருக்கிறார். இரண்டு வரிகள்: 14 மெயின், போர்ட் 5432, ஆன்லைன். 16 மெயின், போர்ட் 5432, டவுன்.

எல்லாம் தெளிவாகிவிட்டது. உபுண்டு 22.04-இல் வந்தது போஸ்ட்கிரஸ் 14. 24.04-க்கு மாறியபோது 16 கூடவே வந்தது, 14 போகவில்லை. போர்ட் மோதக் கூடாது என்று 16-க்கு 5433 கொடுத்திருக்கும். நீங்கள் அதைக் கையால் 5432 ஆக்கியிருக்கிறீர்கள். நீங்கள் அடித்துக்கொண்டிருந்தது 14-இன் பிள்ளைகளை. உங்கள் பழைய டேட்டா முழுவதும் அந்த 14-க்குள் இருக்கிறது! 16 இப்போது காலி.

ஆகவே கொல்ல வேண்டிய ப்ராசஸ் எதுவுமே இல்லை. வரிசையாகச் சொல்கிறேன். 14 ஓடும்போதே பிஜி_டம்ப்ஆல் (எல்லா டேட்டாபேஸ்களின் பிரதி) எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். 16-க்குள் நீங்கள் எதுவும் ஏற்றவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அந்தக் காலிக் கிளஸ்டரை பிஜி_டிராப்கிளஸ்டர் கொண்டு நீக்குங்கள். 16 மெயின் என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு முறை படியுங்கள், 14 என்று அடித்தால் திரும்பி வராது. அப்புறம் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின். அதுவே 14-ஐ நிறுத்தி, புது 16-ஐ உருவாக்கி, டேட்டாவை மாற்றி, 5432-ஐப் புதியதற்குக் கொடுத்துவிடும். பழையது வேறு போர்ட்டுக்குப் போய், தானாக எழாதபடி மேனுவல் என்று குறிக்கப்படும்.

டிஸ்க்கில் இரண்டு பிரதிக்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் டிஎஃப் போட்டுப் பாருங்கள். மாற்றி முடித்ததும் 14-ஐ அழித்துவிட வேண்டாம். ஆப் ஒரு மாதக் கணக்கு முடிக்கும்வரை அது அங்கேயே தூங்கட்டும்.